பெமாவுக்குத் தியானம் தெரியாது

1

“உம்மா, நீங்க ஏன் புத்தரக் கண்டாப் பயப்படுறீங்க?”

என் மகள் ஹனா இதைக் கேட்டு மூன்று கிழமை ஆகிறது. நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இதை எழுதினாலாவது பதில் வருமா என்று பார்க்கிறேன்.

அன்று புதினா நாற்று வாங்க இருவரும் பூந்தோட்டக் கடைக்குப் போயிருந்தோம். சுவிஸில் பனிக்காலம் முடிந்ததும் எல்லோரும் செய்கிற காரியம் அது. பூச்சட்டிகளுக்கும் பூவாளிகளுக்கும் நடுவே ஒரு தட்டு நிறையப் புத்தர் தலைகள், சீமெந்தில், பெரிசு சிறிசாக. உடம்பு இல்லை, தலை மட்டும். ஒவ்வொன்றின் காதிலும் விலைத்துண்டு தொங்கியது. நான் யோசிக்காமலே ஹனாவின் கையைப் பிடித்து அடுத்த வரிசைக்கு இழுத்துவிட்டேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி.

“நான் பயப்படல்ல மகள்.”

“அப்ப ஏன் கையப் புடிச்சி இழுத்தீங்க?”

எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன சொல்வது? இறக்காமத்தில் எங்கள் வாப்பாவுக்கு வயல் இருக்கிறது. அந்தப் பக்கம் ஏதோ ஒரு கல்மலையில் இரவோடிரவாகப் புத்தர் சிலை வந்திருக்கிறதாம் என்று கதை பரவினால், வயல்காரர் யாரும் சிலையைப் பற்றி யோசிப்பதில்லை. சிலையைச் சுற்றி எவ்வளவு காணி பறிபோகும், தங்கள் வரம்பு எதுவரை மிஞ்சும் என்றுதான் யோசிப்பார்கள். அந்த நாட்களில் வாப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், சாப்பிடமாட்டார். அதே வாப்பாதான் வெசாக் என்கிற புத்தர் பண்டிகைக்கு எங்களை வேனில் ஏற்றி, வெளிச்சக்கூடு பார்க்க அம்பாறை டவுனுக்குக் கூட்டிப்போவார். சிங்களவர் தெருவில் வைக்கிற தன்சலில், அந்த இலவசச் சாப்பாட்டுப் பந்தலில், வரிசையில் நின்று எங்களுக்கு மரவள்ளிக்கிழங்கு வாங்கித் தருவார். எங்கள் நெல்லை எடுக்கிற சிங்கள முதலாளி பெருநாளுக்குக் குடும்பத்தோடு கல்முனையில் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போவார். இரண்டும் உண்மை. இரண்டையும் ஒரே வசனத்தில் வைத்து ஒரு பிள்ளைக்குக் கொடுக்க எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஹனாவின் உயிர்த் தோழி யாங்சம் எங்களுக்கு மேல்மாடியில் இருக்கிறாள். அவர்கள் திபெத்தியர், பௌத்தர். நான் பயம் என்று ஒரு சொல் சொன்னால் அது படியேறி அவர்கள் வீட்டுக்கும் போய்விடும்.

2

யாங்சமின் தாய் பெமாவை முதன்முதல் சந்தித்தது நிலவறையில் உள்ள துவைக்கும் அறையில். இந்த நாட்டில் உடுப்புத் துவைப்பதற்கும் முறை இருக்கிறது. ஒரு கட்டிடத்துக்கு ஒரு மெஷின், ஒரு வீட்டுக்கு ஒரு நாள். நான் வந்த புதிது. என் நாள் எது என்று பிழையாக விளங்கி, அவளுடைய நாளில் என் உடுப்புகளைப் போட்டுவிட்டேன். அவள் படியிறங்கி வந்தபோது கையும் களவுமாகப் பிடிபட்டேன். பாடம் பண்ணி வைத்திருந்த ஜெர்மன் மன்னிப்பு வாயில் வரவில்லை. “அல்லாஹ்வே, இப்ப என்ன செய்ற” என்று எனக்கு நானே சொன்னேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, “தமிழா? பரவாயில்லக்கா, போடுங்க போடுங்க. ஃபிக்ஸட் ரேட் எல்லாம் கிடையாது” என்றாள்.

நான் பயந்தே போனேன். பிறகுதான் கதை தெரிந்தது. பெமா பிறந்தது கர்நாடகாவில் உள்ள திபெத்திய அகதிக் குடியிருப்பில். அங்குள்ளவர்கள் பனிக்காலம் வந்தால் ஊர் ஊராகப் போய் நடைபாதையில் ஸ்வெட்டர் விற்பார்களாம். பெமாவின் தாய் போனது மதுரைக்கு. சின்ன வயதில் ஒவ்வொரு வருடமும் சில மாதங்கள் பெமா அங்கே ஸ்வெட்டர் மூட்டையின் மேல் உட்கார்ந்து வளர்ந்திருக்கிறாள். அதனால் அவளுடைய தமிழ் முழுவதும் வியாபாரத் தமிழ். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள், என்னை “அக்கா” என்கிறாள். வாங்க வருகிற எல்லோரும் அவளுக்கு அக்காதான்.

நானும் அவளுக்கு ஒரு நல்ல காரியம் செய்ய நினைத்தேன். போயா எனும் பௌர்ணமி நாளில் எங்கள் ஊரில் இறைச்சிக் கடை திறக்கமாட்டார்கள். அது எனக்குள் ஊறிப்போன சட்டம். பௌத்தர் என்றால் பௌர்ணமிக்கு மரக்கறிதான் சாப்பிடுவார்கள் என்று நானே முடிவெடுத்து, அந்த நாளைத் தேடிப் பார்த்து, பருப்பும் கத்தரிக்காயும் பலாக்கொட்டையும் சமைத்து, மூடி போட்டு மேலே கொண்டுபோனேன். பெமா ஒவ்வொரு மூடியாகத் திறந்தாள்.

“கறி எங்கக்கா?”

“இதெல்லாம் கறிதானே.”

“இது காய்க்கா! கறி, கறி. மாடு, ஆடு.” கையைக் கொம்பாக வைத்துக் காட்டினாள். “எங்க திபெத் குளிர்ல காய் எங்க முளைக்கும்? இறைச்சி இல்லாட்டி நாங்க செத்துருவோம்.”

பிறகு அவள் சொன்னது என் நினைவை விட்டுப் போகவே இல்லை. அவளுடைய தாத்தா லாசாவில் இருந்த காலத்தில், அறுப்பது பாவம் என்று திபெத்தியர் அந்த வேலைக்குத் தயங்குவார்களாம். சாப்பிட ஆசை, அறுக்கப் பயம். அவர் வழக்கமாக இறைச்சி வாங்கியது ஒரு முஸ்லிம் கடையில். “பாவத்த உங்க ஆளுங்ககிட்ட குடுத்துட்டு நாங்க சூப் குடிச்சோம்” என்று சொல்லிக் கைகொட்டிச் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் மோமோவுக்கு இறைச்சி வாங்குவது எங்கள் ஹலால் கடையில்தான். “அக்கா, தாத்தா மாதிரி நானும் உங்ககிட்டயே வந்துட்டேன்” என்பாள்.

3

சில மாதங்களுக்கு முன் வதிவிட அட்டையைப் புதுப்பிக்க நகரசபை அலுவலகத்துக்கு இருவரும் ஒன்றாகப் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பெமாவின் பெயரைப் பார்த்ததும் எழுந்து நிற்காத குறை. தான் நேபாளம் போனது, மலை ஏறியது, இப்போது காலையில் மூச்சுப் பயிற்சி செய்வது எல்லாவற்றையும் சொன்னார். “உங்கள் மக்களிடம் எவ்வளவு அமைதி” என்றார். பெமா முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து நேரே வந்திருந்தாள். கொட்டாவியை அடக்கிக்கொண்டு தலையாட்டினாள். அவளுடைய அட்டையில் நாடு என்ற இடத்தில், அவள் ஒருநாளும் ஒத்துக்கொள்ளாத, திபெத்தைப் பிடித்துக்கொண்ட நாட்டின் பெயர் இருக்கிறது. அதை மாற்ற முடியுமா என்று கேட்டாள். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டு, அது தன் கையில் இல்லை என்றார்.

அடுத்தது நான். முக்காட்டைக் கொஞ்சம் பின்னால் இழுக்கச் சொன்னார், படத்துக்கு முகம் முழுதும் தெரிய வேண்டும் என்று. மரியாதையாகத்தான் சொன்னார். என் நாட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான் அவசரத்தில், ஜெர்மனில் பெரியவர்களிடம் சொல்கிற ‘நீங்கள்’ வராமல் பிள்ளைகளிடம் சொல்கிற ‘நீ’ போட்டு அவருக்கு நன்றி சொல்லிவிட்டேன். வீடு வரும்வரை அதையே நினைத்து வெட்கப்பட்டேன்.

உண்மையைச் சொன்னால் அன்று எனக்குப் பெமா மேல் பொறாமையாக இருந்தது. எனக்கு ஊரில் ஒரு வீடு இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குத்தான் வீடு. கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். கல்முனையை ஒட்டிய சாய்ந்தமருதில் என் பெயரில் உள்ள வீட்டில் உம்மாவும் வாப்பாவும் இருக்கிறார்கள். உம்மா இப்போதே, “ஹனாட ஊட்டுக்கு அத்திவாரம் எப்ப போடுற?” என்று கேட்கத் தொடங்கிவிட்டா. பெமாவுக்குத் திரும்பிப்போக ஒரு வாசற்படிகூட இல்லை. அப்படியிருந்தும் நான் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அவளுடைய மார்க்கத்தின் பெயரைக் கேட்டால் இந்த ஊர் சிரித்து முகம் மலர்கிறது. என்னுடையதைக் கேட்டால் கதையை மாற்றுகிறது.

4

ஹனாவின் வகுப்பில் காலையில் பாடம் தொடங்குமுன் “அமைதி நேரம்” என்று ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் தரையில் மெத்தை போட்டுக் கண்ணை மூடி இருப்பார்கள். ஆசிரியை ஒரு வெண்கலக் கிண்ணத்தை மரத்தண்டால் தட்டுவா. அந்தச் சத்தம் தேய்ந்து முடியும்வரை யாரும் அசையக் கூடாது. ஆசிரியை நல்ல மனுசி, ஹனாவின் ஜெர்மனுக்காகத் தன் மதிய நேரத்தை விட்டுக்கொடுத்தவ. வார இறுதியில் தியான நிலையம் ஒன்றுக்குப் போகிறவ. இது மதம் இல்லை, மனப்பயிற்சி என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னா.

அன்றிரவு தூக்கம் வராமல் கிடந்து, விடியப்புறம் ஊரில் இருக்கிற மூத்த சகோதரி ராத்தாவுக்கு வட்ஸ்அப் எடுத்தேன். ஊரில் விடிந்துவிட்டிருந்தது. அவளுடைய போனுக்குள்ளால், தெருத் தெருவாக பேக்கரிப் பண்டம் விற்றுவருகிற சூன் பாண் ஓட்டோவின் பாட்டு கேட்டது. அந்த ஒரு பாட்டுக்காகவே நான் சில நேரம் கோல் எடுப்பேன். ராத்தா ஓட்டோக்காரரை நிறுத்தி, மீன் பணிஸ் இருக்கா என்று கேட்டு, விலைக்கு அவரோடு சண்டை பிடித்து முடிக்கும்வரை நான் காதோடு போனை வைத்திருந்தேன். பிறகு விசயத்தைச் சொன்னேன்.

“என்ன புள்ள சொல்றா? பள்ளிக்கூடத்துலயே பன்சல வெச்சிரிக்காங்களா?”

“பன்சல இல்ல ராத்தா, புத்த கோயில் மாதிரி ஒண்டும் இல்ல. சிலையும் இல்ல, பூவும் இல்ல. ஒரு கிண்ணம்.”

“கிண்ணத்துக்கா கும்புடுறாங்க?”

“கும்புடல்ல. சும்மா இரிக்காங்க.”

“சும்மா இரிக்கத்தானா இவ்வளவு காசு செலவழிச்சி அங்க போன நீங்க? சும்மா இரிக்கிறண்டா இஞ்ச உன்ட மச்சான்ட்ட படிச்சிரிக்கலாமே.”

சிரித்தோம். சிரிப்பு முடிந்ததும் ராத்தாவின் குரல் மாறியது. “புள்ளயப் பார்த்துக்க. நீ வெளிநாட்டுல இரிக்கிற ஆள். நாளைக்கி ஊர் கதைக்கும்.”

இங்குள்ள பள்ளிவாசல் அல்பேனியர்களுடையது. என் கணவர் அங்கே ஒருவரிடம் கேட்டு, அவர் இமாமிடம் கேட்டு, பதில் இரண்டு மொழி தாண்டி எங்களிடம் வந்து சேர்ந்தது: “பிள்ளை நன்றாகத் தூங்க வேண்டும்.” கேள்வி எங்கே போனது என்று தெரியவில்லை.

ஹனாவை நிறுத்தவும் இல்லை, அனுப்பவும் மனமில்லை. ஒவ்வொரு நாளும் அவளுடைய பையைத் தோளில் மாட்டும்போது, “கண்ண மூடினா மனசுக்குள்ள சூரத்துல் இக்லாஸ் ஓதிக்க” என்று சொல்லி அனுப்புவேன். பிறகு, பிள்ளைக்கு இரட்டை வேடம் பழக்குகிறேனோ என்று கவலைப்படுவேன்.

5

ஆசிரியைக்கு, அதே வகுப்பில் படிக்கிற யாங்சமின் குடும்பம் திபெத்தியர் என்பதில் பெரிய சந்தோசம். ஒருநாள் பெமாவை வகுப்புக்கு வந்து தியானம் நடத்தித் தரும்படி கேட்டிருக்கிறா. பெமா மறுக்கத் தெரியாமல் சரி என்றுவிட்டு, நேரே என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“அக்கா, மாட்டிக்கிட்டேன். எனக்குத் தியானம் தெரியாது.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“எங்க குடும்பத்துல உக்காந்தது ஒரு மாமாதான், அவரு லாமா. எங்கம்மா ஒரு கையில ஜபமாலை உருட்டுவாங்க, மறு கையில ஸ்வெட்டர் மடிப்பாங்க, வாய் கஸ்டமர்கிட்ட பேசும். கோயில்னா சுத்துவோம், விளக்குல வெண்ணெய் ஊத்துவோம், விழுந்து கும்பிடுவோம். கண்ண மூடி உக்கார யாருக்குக்கா நேரம்? அந்தக் கிண்ணத்தையே நான் இந்த ஊர்க் கடையிலதான் முதல்ல பாத்தேன்.”

“அப்ப டீச்சர்ட உள்ளதச் சொல்லுங்களன்.”

“யாங்சம் எல்லாருகிட்டயும் சொல்லிட்டா, எங்கம்மாவுக்கு ரொம்ப நல்லாத் தெரியும்னு.”

அப்படியாகத்தான், மகள் கண்ணை மூடுவதற்கே பயந்துகொண்டிருந்த நான், ஒரு பௌத்தப் பெண்ணுக்குத் தியானம் பழக்குகிற ஆளானேன். யூடியூபில் தேடினோம். மொட்டைத் தலையோடு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். மூச்சு உள்ளே போவதைக் கவனி, வெளியே வருவதைக் கவனி என்றார். என் சமையலறைத் தரையில் தொழுகைப் பாயை விரிக்க மனம் வரவில்லை, குளியல் துவாயை விரித்துக் கொடுத்தேன். பெமா சப்பணம் கட்டினாள். நான் பாவமன்னிப்புக் கேட்டு அஸ்தஃபிருல்லாஹ் சொல்லிக்கொண்டு கண்ணைத் திறந்தபடி காவல் இருந்தேன்.

“அக்கா, மூச்சு வருது.”

“கதைக்காம இரிங்க. கதைக்கக் கூடாதாம்.”

“இவரு யாருக்கா, யார்கிட்ட படிச்சாராம்?”

“உங்கட ஆக்கள்ட்டத்தான் எண்டு எழுதியிரிக்கி.”

கொஞ்ச நேரத்தில் அவள் நன்றாக நிமிர்ந்து, அசையாமல், முகம் தெளிந்து இருந்தாள். எனக்கே உடம்பு சிலிர்த்தது. பார்த்தால், தூங்கிவிட்டாள். இரவு வேலை. ரைஸ் குக்கர் டக் என்று அணைந்த சத்தத்தில் திடுக்கிட்டு எழுந்து, “வந்துருச்சா அக்கா?” என்று கேட்டாள்.

6

வகுப்புக்கு நானும் போனேன், பெமா போட்ட உப்புத் தேநீர் பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு. பெமா நீளப் பாவாடையும் கோடுபோட்ட முன்துணியும் கட்டி, ராணி மாதிரி வந்தாள். வறுத்த பார்லி மாவில் வெண்ணெய் பிசைந்து பிள்ளைகளுக்கு உருண்டை கொடுத்தாள். உப்புத் தேநீரைக் குடித்த பிள்ளைகளின் முகம் போன போக்கைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். பெமாவும் சிரித்தாள். அதுவரை எல்லாம் நன்றாகவே நடந்தது.

பிறகு ஆசிரியை கிண்ணத்தை அவளிடம் நீட்டினா. பெமா தண்டை எடுத்துத் தட்டினாள். பலமாகத் தட்டிவிட்டாள். சட்டி விழுந்த சத்தம். ஒரு பையன் சிரித்தான். அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, ஜபமாலையை எடுத்துக் காட்டி, நாங்கள் வீட்டில் இதைத்தான் செய்வோம், வேலை செய்துகொண்டே செய்வோம், இறந்துபோன என் அம்மாவுக்காகச் செய்கிறேன் என்று தன் உடைந்த ஜெர்மனில் சொன்னாள்.

ஆசிரியை மிகவும் அன்பாகக் கேட்டுக்கொண்டிருந்தா. கேட்டு முடித்துவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பி, “அது பழைய காலத்து வழக்கம். புத்தர் உண்மையில் சொல்லித்தந்தது மனதைக் கவனிப்பதைத்தான்” என்றா. ஒரு தீய எண்ணமும் இல்லாமல் சொன்னா.

அப்போது யாங்சம் எழும்பி வந்தாள். தாயைப் பார்க்கவில்லை. கிண்ணத்தை இடது உள்ளங்கையில் வைத்து, தண்டால் மெல்லத் தொட்டாள். அந்தச் சத்தம் அறை முழுக்க வட்டமாகப் பரவியது. பிள்ளைகள் எல்லோரும் கண்ணை மூடினார்கள். பெமா அவர்கள் நடுவே சின்னக் கதிரையில், முழங்கால் நெஞ்சுக்கு வர, பாவாடையை ஒதுக்கிக்கொண்டு இருந்தாள். கண்ணைத் திறந்திருந்தது அவளும் நானும் மட்டும்தான்.

வீட்டுக்கு நடக்கும்போது சொன்னாள்: “என் பொண்ணுக்கு நல்லா வருதுக்கா. எனக்குத்தான் வரல.”

சந்தோசமாகச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுடைய மேல்மாடிக் கதவு மூடுகிற சத்தம் கேட்கும்வரை நான் என் கதவைத் திறக்கவில்லை. அவள் மேல் எனக்கு இருந்த பொறாமை அன்றோடு போனது. அவளுக்கு நாடு இல்லாமல் போனபோது, தாயிடமிருந்து வந்த வழக்கம் ஒன்றுதான் கையில் மிஞ்சியது. அதையும் இந்த ஊர் பிரியத்தோடு எடுத்து, கழுவி, துடைத்து, அவளுடைய மகளுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. மகள் அதைத் தாயிடம் படிக்கவில்லை.

7

வகுப்பு முடிந்து கிளம்பும்போது ஆசிரியை என் கையைப் பிடித்து, “அடுத்த முறை நீங்கள் வர வேண்டும். உங்கள் ஊரைப் பற்றி, நீங்கள் தொழுவதைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்” என்று கேட்டிருந்தா. நான் யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன். யாராவது கேட்கமாட்டார்களா என்று எத்தனை வருடம் காத்திருந்தவள் நான்.

பின்னேரம் ஹனா பையை வைத்ததும் சொன்னாள்: “உம்மா, நீங்க வர வேணாம்.”

“ஏன் மகள்?”

பதில் ஜெர்மனில் வந்தது. தமிழில் சொல்லு என்றேன். சொற்களைத் தேடித் தேடிச் சொன்னாள்.

“யாங்சம்ட உம்மா பிழையாச் செஞ்சா. ஆனா எல்லாருக்கும் அவவப் புடிக்கும். அவவ ஆரும் கேள்வி கேக்கல்ல. நீங்க சரியாச் செஞ்சாலும் உங்களக் கேள்வி கேப்பாங்க.”

“கேட்டா நான் பதில் சொல்லுவன்தானே.”

“உங்களுக்கு அவ்வளவு ஜெர்மன் தெரியா உம்மா. நீங்க அங்க நிண்டு அழுவீங்க.”

அவள் எனக்காக வெட்கப்படுகிறாளா, என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாளா? அவளுடைய முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், தெரியவில்லை. எனக்கு எட்டு வயதில் பள்ளிக்கூடத்துக்கு உம்மா வந்தால், கேற்றடிக்கு ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவருவேன். என் உம்மாவுக்கு எழுதப் படிக்க அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அவவை யாராவது கேள்வி கேட்பார்கள் என்று ஒருநாளும் நான் பயந்ததில்லை. கல்முனையில் எல்லா உம்மாவும் ஒரே மாதிரிதான் இருந்தார்கள்.

என் கணவர், “விடுங்க, காய்ச்சல் எண்டு சொல்லிருவம்” என்கிறார். ராத்தா, “புள்ளக்கிப் பயந்து ஊட்டுக்குள்ள இரிந்தா, நாளைக்கி அவ உன்னய ரோட்டுலயும் வர வேணாம் எண்டுவா” என்கிறாள். பெமாவிடம் கேட்டேன். “நான் போகாம இருந்திருந்தா யாங்சம் இன்னும் எனக்குத் தெரியும்னே நெனச்சிட்டு இருப்பா” என்றாள். அது போ என்பதா, போகாதே என்பதா, நான் கேட்கவில்லை.

போனால் என்ன கொண்டுபோவது என்பதும் தெரியவில்லை. சாப்பாடு என்றால் வட்டிலப்பம் செய்துவிடுவேன். தொழுகையைக் காட்டச் சொன்னால்? பிள்ளைகள் வட்டமாக இருந்து பார்க்க, நான் ஸஜ்தாவில் நெற்றியை வைத்துக் காட்டுவதா? நல்ல முதுகுப் பயிற்சி என்று யாராவது அன்பாகச் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்?

வருகிற வெள்ளிக்கிழமை ஆசிரியைக்கு நாளைச் சொல்ல வேண்டும். இதை வாசிக்கிற தாய்மாரே, கல்முனையில் இருந்தாலும் கனடாவில் இருந்தாலும், உங்கள் பிள்ளையும் ஒருநாள் உங்களிடம் வர வேண்டாம் என்று சொல்லியிருக்கும். நீங்கள் போனீர்களா, நின்றுவிட்டீர்களா? போனவர்களும் எழுதுங்கள், நின்றவர்களும் எழுதுங்கள். மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்கிறேன். உங்களிடம் கேட்பது வேறு. அன்று பின்னேரம் பிள்ளை வீட்டுக்கு வந்து உங்களோடு எந்த மொழியில் கதைத்தது, எப்படிக் கதைத்தது என்பதை மட்டும் மறைக்காமல் எழுதுங்கள்.